கல்வட்டத்துக்குள் ஒரு பப்: ஏவ்பரிக்கு அப்பாவை அழைத்துப் போகலாமா?

தேம்ஸ்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் ரெடிங்கில் இருக்கிறேன். அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகிறது. லண்டன் பார்த்தாயிற்று, வின்ட்சர் பார்த்தாயிற்று, ஆக்ஸ்ஃபோர்டும் பார்த்தாயிற்று. அம்மாவுக்கு எல்லாமே பிடிக்கிறது. அப்பாவுக்கு எதுவும் பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது, ஆனால் எந்தக் கட்டடத்தின் முன்னால் நிறுத்தினாலும் அது என்ன கல், எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்பார், எனக்குப் பதில் தெரியாது, அவ்வளவுதான், அப்புறம் பேச்சு நின்றுவிடும். அவர் கிருஷ்ணகிரி பக்கம் கல் குவாரியில் முப்பது வருஷத்துக்கு மேல் மேஸ்திரியாக இருந்தவர்.

ஆபீசில் ஒருவர் வில்ட்ஷரில் இருக்கும் ஏவ்பரியைச் சொன்னார். ஸ்டோன்ஹெஞ்ச் மாதிரி கல்வட்டமாம், ஆனால் அந்த வட்டத்துக்குள்ளேயே ஒரு கிராமம் இருக்கிறதாம், கிராமத்தின் நடுவில் 'ரெட் லயன்' என்று ஒரு பழைய பப், அதற்குள் ஒரு கிணறு, கிணற்றில் ஒரு பேய். மதியச் சாப்பாட்டுக்கு அங்கே போங்கள் என்றார்.

என் சந்தேகம் மூன்று. அப்பாவுக்கு எழுபத்தொரு வயது, வாழ்நாளில் சாராயக்கடைப் படி ஏறியதில்லை, பப் என்றதுமே முகம் மாறிவிடும். அப்படிப்பட்டவரை அங்கே அழைத்துப் போகலாமா? இரண்டாவது, அந்தக் கிணறு, பேய் எல்லாம் எவ்வளவு உண்மை? மூன்றாவது, பப்பைத் தாண்டி சுற்று வட்டாரத்தில் ஒரு நாள் முழுக்கப் பார்க்க ஏதாவது இருக்கிறதா? அம்மாவுக்கு முழங்கால் வலி, ரொம்ப தூரம் நடக்க முடியாது.

---

வெள்ளைக்குதிரை எழுதியது:

நான் ஸ்விண்டனில் பதினோரு வருஷமாக இருக்கிறேன். ஏவ்பரிக்கு எத்தனை முறை போயிருப்பேன் என்று கணக்கே இல்லை, ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கேதான் கூட்டிப் போவேன்.

முதலில் அப்பா விஷயம். கிராமத்துப் பப்பை டாஸ்மாக்கோடு சேர்த்து நினைக்காதீர்கள். மதியம் பன்னிரண்டரைக்கு உள்ளே போனால் பாதி மேசைகளில் குழந்தைகளோடு குடும்பங்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், ஒரு மூலையில் நாய் படுத்திருக்கும், நடைப்பயணம் வந்தவர்கள் சேற்றுக் காலணியோடு சூப் குடித்துக்கொண்டிருப்பார்கள். நம் ஊரில் அதற்கு நேரான இடம் என்றால் சாயங்காலம் ஆலமரத்தடி டீக்கடைதான். மது இருக்கும், ஆனால் குடித்துத்தான் ஆக வேண்டும் என்று யாரும் பார்க்க மாட்டார்கள். அப்பாவுக்கு இஞ்சி பீர் வாங்கிக் கொடுங்கள். பெயரில்தான் பீர், கடையில் விற்பது பெரும்பாலும் போதையில்லாத குளிர்பானம், நாக்கில் சுரீரென்று இருக்கும். பெயரைக் கேட்டதும் மறுப்பார், அதனால் பெயரைச் சொல்லாமல் வாங்கிக் கொடுங்கள். ஒன்றே ஒன்று, மேசையில் உட்கார்ந்து சர்வர் வருவார் என்று காத்திருக்காதீர்கள். நான் முதல் தடவை (இது வேறொரு ஊரில், வேறொரு பப்) நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். கவுண்டருக்குப் போய் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

போகும் வழி: காரில் என்றால் எம்4 நெடுஞ்சாலை, அப்புறம் மார்ல்பரோ வழியாக ஏ4 சாலை. ரயிலில் என்றால் ஸ்விண்டன் வந்து அங்கிருந்து டிவைசஸ் போகும் பஸ்ஸைப் பிடியுங்கள், பப்பை ஒட்டியே இறக்கிவிடும். கார் என்றால் ஊருக்குத் தெற்கே நேஷனல் டிரஸ்ட் (பழைய இடங்களைப் பராமரிக்கும் அமைப்பு) நிறுத்துமிடம் இருக்கிறது, அங்கிருந்து சில நிமிட நடைதான். நிறுத்தக் காசு உண்டு, கற்களைப் பார்க்கக் காசு கிடையாது. ஸ்டோன்ஹெஞ்சில் கயிற்றுக்கு வெளியே நின்று பார்க்க வேண்டும், இங்கே கல்லைத் தொடலாம், சாய்ந்து உட்காரலாம், உங்களுக்கு முன்னாலேயே ஓர் ஆடு அங்கே சாய்ந்திருக்கும்.

பப்பைப் பற்றி: வெள்ளைச் சுவர், கறுப்புச் சட்டம், மேலே கூரை. ஓடு இல்லை, நிஜமாகவே வேய்ந்த கூரை. நம் ஊரில் கூரை வீடு என்றால் எப்போது தளம் போடப் போகிறாய் என்று கேட்பார்கள், இங்கே கூரை வீடு வைத்திருப்பவர் வசதியானவர் என்று அர்த்தம். வேய ஆள் கிடைப்பது கஷ்டம், செலவு பயங்கரம், காப்பீட்டுக்காரர்கள் தீ என்று சொல்லிக் கூடுதலாகக் கறப்பார்கள். அப்பா இதை ரசிப்பார் என்று நினைக்கிறேன்.

கிணறு இருப்பது உண்மை. சாப்பாட்டு அறைக்குள்ளேயே இருக்கிறது, மேலே கண்ணாடி போட்டு மேசையாக்கி வைத்திருக்கிறார்கள். 86 அடி ஆழம் என்கிறார்கள். அதைச் சுற்றி உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். பேயை நான் பார்த்ததில்லை.

---

பழங்கஞ்சி எழுதியது:

பேய்க் கதையைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் ஏன் நம்பவில்லை என்பதையும்.

கதை இது: 1640களின் இங்கிலாந்து உள்நாட்டுப் போர் சமயம், கணவன் சண்டைக்குப் போயிருக்கிறான், திரும்பி வந்தால் மனைவி ஃப்ளோரி வேறொருவனோடு. காதலனைச் சுட்டுவிட்டு, மனைவியின் கழுத்தை அறுத்துக் கிணற்றில் தள்ளி மேலே பாறாங்கல்லைப் போட்டு மூடிவிட்டான். அன்றிலிருந்து அவள் பப்பில் தாடிக்காரர்களைத் தேடி அலைகிறாள். தாடி எதற்கு என்று கேட்காதீர்கள், அப்படித்தான் சொல்கிறார்கள்.

இப்போது கணக்குப் போடுங்கள். அந்தக் கட்டடம் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த பண்ணை வீடு, 1802இல்தான் உரிமம் வாங்கி விடுதியானது என்பது அந்தப் பப்பே சொல்லும் வரலாறு. அதாவது கொலை நடந்ததாகச் சொல்லும் காலத்தில் அங்கே பப்பே இல்லை, ஒரு பண்ணைக்காரர் வீடும் அதன் கிணறும்தான். வீட்டுக் கொலை பப்புக்குள் வந்து சேர்வதற்கு 150 வருஷம் ஆகியிருக்கிறது. எனக்குத் தெரிந்து பேய் இல்லாத பழைய பப் இங்கிலாந்தில் அபூர்வம். வாரநாளில் வியாபாரம் மந்தமாக இருந்தால் பேய்தான் கைகொடுக்கும்.

கிணற்றைப் பற்றி யோசித்தால் பேயைவிடச் சுவாரசியமாக இருக்கிறது. அந்த நிலம் முழுக்க சுண்ணப்பாறை. மழை பெய்தால் நிற்காது, அப்படியே உள்ளே இறங்கிவிடும். ஊரை ஒட்டி ஓடும் கென்னட் ஆறு மேல்பகுதியில் குளிர்காலத்து ஆறு, நிலத்தடி நீர் ஏறும்போது ஓடும், கோடையில் புல்தரையாகிவிடும். வருஷத்தில் பாதி நாள் ஆறு இல்லாத ஊரில் 86 அடிக்கு ஒருவர் ஏன் தோண்டினார் என்று யோசித்தால் எனக்கு இதுதான் தோன்றுகிறது. காவிரிக் கடைமடைக்காரனான எனக்கு இதைப் புரிந்துகொள்ளப் பேய் தேவைப்படவில்லை.

1802 என்ற வருஷமும் தற்செயல் இல்லை என்பது என் எண்ணம். லண்டனிலிருந்து பாத் நகருக்குப் போகும் குதிரை வண்டிச் சாலை மார்ல்பரோ தாண்டி இந்தப் பக்கமாகத்தான் போகும். அது கோச்சு வண்டிகள் கொடிகட்டிப் பறந்த காலம். குதிரைகளுக்குத் தீனி, பயணிகளுக்குச் சூடான சாப்பாடு, படுக்கை என்று வழி நெடுக விடுதிகள் முளைத்தன. 1841இல் லண்டனிலிருந்து பிரிஸ்டல் வரை கிரேட் வெஸ்டர்ன் ரயில் முழுதாக ஓடத் தொடங்கியது, அது ஸ்விண்டன் வழியாகப் போனது, கோச்சுகள் சில வருஷத்தில் காணாமல் போயின. பல விடுதிகள் மூடின. ரெட் லயன் போன்றவை பயணிகளை விட்டுவிட்டு உள்ளூர் ஆட்களை நம்பிப் பிழைத்தன. அப்புறம் கார் வந்தது, கல் பார்க்க ஆட்கள் வந்தார்கள், மறுபடி பயணிகள்.

பெயர் பற்றி ஒரு வரி. 'ரெட் லயன்' இங்கிலாந்தில் மிக அதிகமாகக் காணப்படும் பப் பெயர்களில் ஒன்று. ஜான் ஆஃப் காண்ட் என்ற 14ஆம் நூற்றாண்டுப் பிரபுவின் சின்னம் என்பார்கள், 1603இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்து அரியணை ஏறிய முதலாம் ஜேம்ஸ் தன் சிவப்புச் சிங்கத்தை எங்கும் மாட்டச் சொன்னான் என்றும் சொல்வார்கள். எழுதப் படிக்கத் தெரியாத காலத்தில் பலகையில் படம்தான் முகவரி.

---

மண்சட்டி எழுதியது:

எல்லோரும் ஓவராகச் சொல்கிறீர்கள். நான் போன வருஷம் போனேன். வயலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கல் நிற்கிறது, நடுவில் பஸ் போகிற சாலை, ஆட்டுப் புழுக்கை, மழை. ஸ்டோன்ஹெஞ்ச் என்றால் பார்த்ததும் தெரியும், மேலே குறுக்குக்கல் எல்லாம் இருக்கும். இங்கே வட்டம் என்று சொன்னால்தான் வட்டம், இல்லையென்றால் பாதிக் கற்கள் காணோம். வயதானவர்களை இதற்காக இழுத்துப் போக வேண்டுமா? யோசித்துக்கொள்ளுங்கள்.

---

பழங்கஞ்சி எழுதியது:

மண்சட்டி, பாதிக் கற்கள் காணோம் என்று சொன்னீர்களே, விஷயமே அங்கேதான் இருக்கிறது. அவை எங்கே போயின என்று பார்த்தீர்களா? நீங்கள் மழைக்கு ஒதுங்கிய சுவரிலேயே இருந்திருக்கும்.

இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், தேம்ஸ்கரையின் அப்பாவுக்காக.

வெளிவட்டம் சுமார் 330 மீட்டர் குறுக்களவு, உலகில் இருக்கும் கல்வட்டங்களிலேயே பெரியது. தொடக்கத்தில் அதில் ஏறக்குறைய நூறு கற்கள். உள்ளே இன்னும் இரண்டு வட்டங்கள். எல்லாவற்றையும் சுற்றி ஓர் அகழி, அதற்கு வெளியே மண்மேடு. கோட்டை என்றால் அகழி வெளியே இருக்கும், இங்கே உள்ளே இருக்கிறது, அதனால் இது சண்டைக்குக் கட்டியது இல்லை. 1908 முதல் 1922 வரை அவ்வப்போது தோண்டிப் பார்த்தார்கள், அகழி முதலில் 9 மீட்டருக்கு மேல் ஆழம், மான் கொம்பைக் கடப்பாரையாக வைத்துச் சுண்ணப்பாறையைக் குடைந்திருக்கிறார்கள். காலம் சுமாராக கி.மு. 2850க்கும் 2200க்கும் இடையில், பல தலைமுறை வேலை.

கல்லின் பெயர் சார்சன். மணல் இறுகிக் கெட்டிப்பட்ட கல், கிரானைட் இல்லை, ஆனால் உளியை மழுக்கிவிடும். குவாரி கிடையாது. பக்கத்து மேட்டு நிலத்தில் புல்லுக்கு நடுவே தானாகவே கிடக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் மந்தை படுத்திருப்பதுபோல இருப்பதால் அந்த ஊர்க்காரர்கள் 'சாம்பல் கிடாய்கள்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இனிமேல்தான் கதை. 14ஆம் நூற்றாண்டில் ஊர்க்காரர்கள் சில கற்களைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். தேவாலயத்துக்கு இந்தப் பழைய காலத்துக் கற்கள் உறுத்தியிருக்கலாம். 1938இல் புதைந்த கல் ஒன்றைத் தூக்கியபோது அடியில் ஓர் ஆளின் எலும்புக்கூடு, கூடவே கத்தரிக்கோல், ஒரு மெல்லிய இரும்புக் கருவி, 14ஆம் நூற்றாண்டு தொடக்கத்து வெள்ளிக் காசுகள். கருவிகளைப் பார்த்து நாவிதரும் வைத்தியருமான ஒருவர் என்று முடிவு செய்தார்கள். நம் ஊரில் நாவிதரை மருத்துவர் என்பார்களே, அது மாதிரியேதான், முடிவெட்டுபவரே சிகிச்சையும் செய்த காலம். கல் சாய்ந்து அமுக்கிவிட்டது என்றார்கள். எலும்புகள் லண்டன் போயின, போரில் குண்டு விழுந்து அழிந்ததாக எல்லோரும் நினைத்திருக்க, 1990களின் கடைசியில் ஓர் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருப்பது தெரிந்தது. திரும்பப் பார்த்ததில் நசுங்கிச் செத்ததற்கான அடையாளம் தெரியவில்லை. செத்தபின் அங்கே புதைத்தார்களோ என்னவோ. எனக்கு ஃப்ளோரியைவிட இந்த ஆள்தான் மனதில் நிற்கிறார்.

17, 18ஆம் நூற்றாண்டுகளில் பயம் போய்த் தேவை வந்துவிட்டது. சுண்ணப்பாறை மெத்தென்றிருக்கும், வீடு கட்ட உதவாது. கட்டுமானக் கல் என்று வாசலிலேயே இருப்பது சார்சன்தான். கல்லைச் சாய்த்து, அடியில் குழி வெட்டி, வைக்கோலும் விறகும் போட்டு எரித்து, நன்றாகக் காய்ந்ததும் பிளக்க வேண்டிய கோட்டில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிச் சம்மட்டியால் அடித்தார்கள். 1720 வாக்கில் வில்லியம் ஸ்டக்லி என்ற மருத்துவர் வருஷா வருஷம் வந்து, கண்ணெதிரே கல் உடைபடுவதைப் பார்த்து எழுதியும் வரைந்தும் வைத்தார். டாம் ராபின்சன் என்ற உள்ளூர்க்காரர்மேல் அவருக்கு அடங்காத கோபம். அவர் வரைந்து வைத்ததால்தான் எங்கே எந்தக் கல் இருந்தது என்று நமக்கு ஓரளவு தெரியும். ராபின்சன் தரப்பை எழுதி வைக்க யாரும் இல்லை. எனக்கு அவரைத் திட்ட மனசு வரவில்லை. வயலின் நடுவே நிற்கும் கல்லை உடைத்தால் உழவுக்கு நிலமும் வீட்டுக்குச் சுவரும் கிடைக்கும்.

அப்புறம் 1930களில் அலெக்சாண்டர் கெய்லர் வந்தார், டண்டீ நகரத்து மார்மலேட் கம்பெனி வாரிசு. ஆரஞ்சுத் தோல் ஜாமில் வந்த பணத்தில் நிலத்தையே வாங்கிப் போட்டார். புதைந்த கற்களைத் தூக்கி நிறுத்தினார், உடைந்த துண்டுகளை ஒட்டினார், கல்லே போய்விட்ட இடங்களில் சின்ன கான்கிரீட் தூண்கள் வைத்தார். மண்சட்டி பார்த்திருப்பார், அதுதான் காணாமல்போனவற்றின் வருகைப் பதிவு. வட்டத்துக்குள் இருந்த சில வீடுகளையும் கொட்டகைகளையும் வாங்கி இடித்தார், குடும்பங்கள் வெளியே போயின. கல்லை உடைத்து வீடு கட்டியவர்களின் வீட்டை உடைத்துக் கல்லை நிறுத்தினார்கள். போர் வந்து பாதியில் நின்றது, 1943இல் எல்லாவற்றையும் நேஷனல் டிரஸ்ட்டுக்கு விற்றுவிட்டார். பப் தப்பித்தது.

அதனால் அப்பாவை முதலில் கல்லிடம் கூட்டிப் போகாதீர்கள். பப் இருக்கும் தெருவில் நடக்கவிட்டு வீட்டுச் சுவர்களையும் பழைய பிரார்த்தனைக் கூடத்தின் சுவரையும் காட்டுங்கள்.

---

நடைராசா எழுதியது:

நடையைப் பற்றி மட்டும் சொல்கிறேன், வரலாறு பழங்கஞ்சி சொல்லிவிட்டார்.

அம்மாவுக்கு: நான்கு பகுதிகளாக வட்டத்தைச் சாலைகள் பிரிக்கின்றன. தென்மேற்குப் பகுதி தரை சமமாக இருக்கும், அதைச் சுற்றினாலே போதும். மண்மேட்டின் மேல் ஏற வேண்டாம், ஈரத்தில் சுண்ணாம்பு மண் சோப்பு மாதிரி வழுக்கும். கிழக்குப் பக்கம் மேட்டின்மேல் பீச் மரங்கள் இருக்கின்றன, வேர்கள் தரைக்கு வெளியே பாம்புக் கூட்டம்போல் பின்னிக் கிடக்கும், கிளைகளில் வருகிறவர்கள் ரிப்பன் கட்டிவிட்டுப் போவார்கள். கோயில் மரத்தில் தொட்டில் கட்டும் ஊர்க்காரர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை.

அப்பாவுக்கு: தெற்கே இரட்டை வரிசைக் கற்களோடு ஓர் அவென்யூ போகிறது, ஒருகாலத்தில் சுமார் நூறு ஜோடி, இரண்டரைக் கிலோமீட்டர் நீளம், ஓவர்டன் குன்றில் முடியும். அங்கேதான் ரிட்ஜ்வே என்ற நீண்ட நடைப்பாதை தொடங்குகிறது, மொத்தம் 139 கிலோமீட்டர், அதை இன்னொரு நாள் பேசுவோம். ஆற்றோரமாகப் போனால் சில்பரி குன்று, கி.மு. 2400 வாக்கில் மனிதர்கள் குவித்தது, 39 மீட்டர் உயரம். ஐரோப்பாவில் மனிதர் குவித்த வரலாற்றுக்கு முந்தைய மேடுகளில் இதுதான் பெரியது. எதற்கு என்று இன்றுவரை தெரியாது. 1776இல் உச்சியிலிருந்து கிணறு மாதிரி குடைந்தார்கள், 1849இல் பக்கவாட்டில் சுரங்கம், 1968இல் மறுபடி. புதையலும் இல்லை, பிணமும் இல்லை. 2000இல் பழைய குடைவு உள்வாங்கி உச்சியில் பள்ளம் விழுந்தது, சுண்ணாம்பு போட்டு அடைத்தார்கள். ஏறக்கூடாது, ஏறுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

எதிரே இருக்கும் சரிவில் மேற்கு கென்னட் நீள்கல்லறை. அதற்குச் சில்பரியைவிட ஆயிரம் வருஷத்துக்கு மேல் வயது அதிகம். ஏ4 சாலையோரத்தில் வண்டியை விட்டு ஏற வேண்டும், மிதமான ஏற்றம். உள்ளே போகலாம், ஐந்து அறைகள், முப்பத்தாறு பேர் எலும்புகள் கிடைத்தன. டார்ச் எடுத்துப் போங்கள்.

பப்புக்கு நேரம் தெரிந்து போங்கள். ஜூன் 21ஐ ஒட்டிப் போகவே போகாதீர்கள், சூரியன் உதிப்பதைப் பார்க்க மேள தாளத்தோடு கூட்டம் வரும், வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.

---

தேம்ஸ்கரை எழுதியது:

போன சனிக்கிழமை போய்வந்தோம். பாதி நன்றி, பாதி புகார்.

புகார் வெள்ளைக்குதிரைமேல். இஞ்சி பீரைப் பெயர் சொல்லாமல் கொடுங்கள் என்றார், கொடுத்தேன், அப்பா பாட்டிலைத் திருப்பி எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு அம்மாவிடம் "பையன் பீர் வாங்கிக் குடுக்குறான்" என்றார். அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் குடித்தார். இன்னொன்று கிடைக்குமா என்றும் கேட்டார்.

கிணற்று மேசை காலியாக இல்லை. அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்த வயதான தம்பதி நாங்கள் எட்டிப் பார்ப்பதைக் கவனித்து எழுந்து இடம் விட்டார்கள். அப்பா கண்ணாடியில் கை வைத்துக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னது: வளைவு சுத்தமாக இருக்கிறது, தோண்டினவன் தெரிந்தவன். பேய்க் கதையைச் சொன்னேன். "கெணத்துல பொணத்தைப் போட்டுட்டு அப்புறம் தண்ணிக்கு என்ன பண்ணுவான்?" என்று கேட்டார். பழங்கஞ்சி, இந்தக் கேள்வி உங்களுக்கே தோன்றவில்லை பாருங்கள்.

நீங்கள் சொன்னபடி முதலில் சுவர்களைக் காட்டினேன். ஒரு வீட்டுச் சுவர் முன்னால் நின்றவர் நகரவே இல்லை. கற்கள் சதுரமாக இருந்தன, ஆனால் ஒன்றுக்கொன்று நிறம் வேறு, சிலது சாம்பல், சிலது செம்பழுப்பு. தீயில் பிளந்தது என்று நான் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார். எங்கள் பக்கம் பாறை மேல் கட்டையை அடுக்கித் தீ வைத்து, தீயை மெல்ல மெல்ல நகர்த்திக்கொண்டே போவார்களாம், பாறை அடுக்கு அடுக்காகக் கிளம்பி வரும்போது ஒரு சத்தம் கேட்குமாம், சத்தத்தை வைத்தே எவ்வளவு பருமன் கிளம்பியிருக்கிறது என்று சொல்லிவிடுவார்களாம். முப்பத்தைந்து வருஷம் அவருக்கு மகனாக இருக்கிறேன், இதை எனக்கு அவர் சொன்னது இதுதான் முதல் தடவை. தண்ணீர் ஊற்றுவதைப் பற்றிச் சொன்னபோது மட்டும் முகம் சுளித்தார், அது அவசரக்காரன் வேலை, கல் கோணலாகப் போகும் என்றார். அதனால்தான் சுவரில் இவ்வளவு சின்னத் துண்டுகள் என்று காட்டினார். ராபின்சன் மட்டும் உயிரோடு இருந்திருந்தால் அன்றைக்கு நல்ல பேச்சு நடந்திருக்கும்.

அம்மா தெற்கு வாசலில் இருக்கும் பெரிய கல்லில் இருக்கை மாதிரி ஒரு குழிவு இருக்கிறதே, அதில் உட்கார்ந்து காலை நீட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்த பிறகுதான் அதன் பெயர் சாத்தானின் நாற்காலி என்று படித்தேன். சொல்லவில்லை.

கல்லறைக்குள்ளும் போனோம், அம்மா காரில் இருந்தார். அப்பா உடனே, இது நம்ம மல்லச்சந்திரம் மாதிரி இருக்கே என்றார். கிருஷ்ணகிரி பக்கத்து மலைமேல் பலகைக் கல் நிறுத்தி மேலே ஒரு கல் மூடிய கல்திட்டைகள் இருக்கின்றன, பாண்டவர் வீடு என்பார்கள். இரண்டுக்கும் ஏதாவது தொடர்பு இருக்குமா?

---

பழங்கஞ்சி எழுதியது:

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். கிணற்றுத் தண்ணீர்க் கேள்வியில் நான் தோற்றேன், ஒப்புக்கொள்கிறேன்.

தொடர்பு கிடையாது. மேற்கு கென்னட் கி.மு. 3650 வாக்கில் கட்டியது, உலோகமே தெரியாத காலம். நம் பக்கத்துக் கல்திட்டைகளில் பெரும்பாலானவை இரும்புக் காலத்தவை, ஆயிரக்கணக்கான வருஷம் பிந்தியவை. பெரிய பலகைக் கல் கிடைக்கிற இடத்தில் செத்தவர்களுக்கு வீடு கட்ட நினைத்தால் மூன்றைச் சுற்றி நிறுத்தி ஒன்றை மேலே வைப்பார்கள், அதற்கு ஒருவர் இன்னொருவரிடம் கற்க வேண்டியதில்லை. இணையத்தில் உலவும் 'தமிழன் கட்டிய ஸ்டோன்ஹெஞ்ச்' வீடியோக்களை அப்பாவுக்குக் காட்டிவிடாதீர்கள்.

---

மண்சட்டி எழுதியது:

சரி, நான் சுவரைப் பார்க்கவில்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆட்டுப் புழுக்கை பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்க மாட்டேன்.

---

தேம்ஸ்கரை எழுதியது:

புழுக்கை உண்மைதான், அப்பாவின் செருப்பு சாட்சி.

இன்னொரு கேள்வி, இது அவரே கேட்கச் சொன்னது. உடைக்காத, நிறுத்தாத கற்கள் அப்படியே மேட்டில் கிடக்கின்றன என்று சொன்னீர்களே, அந்த 'கிடாய்கள்', அதைப் பார்க்க வேண்டுமாம். ஊருக்குத் திரும்ப இன்னும் பன்னிரண்டு நாள்தான். அங்கே பஸ் போகுமா?

---

நடைராசா எழுதியது:

போகாது. அந்த இடத்துக்கு ஃபைஃபீல்ட் டவுன் என்று பெயர். ஏவ்பரியிலிருந்து கிழக்கே கிரீன் ஸ்ட்ரீட் என்ற பழைய மண்பாதை மேலேறுகிறது, ரிட்ஜ்வேயைக் குறுக்கே தாண்டி மறுபக்கம் இறங்கினால் புல்வெளி முழுக்கக் கல். போக வர எட்டு கிலோமீட்டர் பக்கம் ஆகும், அரை நாள் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு கல்லில் புதிய கற்காலத்துக் கோடரிகளைத் தீட்டிய பள்ளங்கள் வழவழவென்று இருக்கும், தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், அப்பா உங்களுக்கு முன்னால் கண்டுபிடித்துவிடுவார். வேறு சில கற்களில் வரிசையாக ஆப்பு அடித்த குழிகள் இருக்கும், அது 19ஆம் நூற்றாண்டு வேலை. வெளியிலிருந்து வந்த கல்தச்சர்கள் சாலையோரக் கல்லுக்கும் டிராம் பாதைக்கும் வெட்டி அனுப்பினார்கள். தீ இல்லை, தண்ணீர் இல்லை, ஆப்பும் சம்மட்டியும்தான், கோடு நேராக இருக்கும்.

மழை பெய்த மறுநாள் போகாதீர்கள். செருப்பு வேண்டாம், பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள். அம்மாவை அன்றைக்கு ரெட் லயனிலேயே உட்கார வைத்துவிடலாம், கிணற்று மேசை கிடைத்தால் நல்லது.